கோட்டுக்கு மேலே

சூனாபட்டி கோலியில்
எந்தச் சாமான் எங்கே என்று
முடிவு செய்தது நானில்லை.
சுவரில் ஒரு கோடு இருந்தது,
ஆறிப்போன டீ டம்ளரில் விட்டுப்போவதைப் போல
பழுப்பாய், நாலு சுவரையும் சுற்றி,
என் இடுப்பு உயரத்தில்.
ஒரு ஜூலையில் தண்ணீர் வந்து நின்ற மட்டம்.
கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்தால்
ஈஸ்டருக்குள் திரும்பி வந்துவிடும்.

கோட்டுக்குக் கீழே
செருப்பு, பக்கெட், வெங்காயக் கூடை,
நனைந்தாலும் கவலையில்லாதவை.
மேலே பலகையில் அரிசி டிரம்,
அதற்கு மேலே துணி, துணிக்கு மேலே மிக்ஸி.
மாளாவில்
தகரக் கூரையை முட்டிக்கொண்டு
ரேஷன் கார்டு, கல்யாண போட்டோ,
ஜெர்லினின் பிறப்புச் சான்றிதழ்,
நாங்கள் இங்கேதான் இருந்தோம் என்பதற்கு
இருந்த ஒரே சாட்சியாய்
ஒரு பழைய கரண்ட் பில்.
எல்லாம் நாலு பிளாஸ்டிக் பைக்குள்,
ஒன்றுக்குள் ஒன்று.

வந்தவர்கள் சொல்வார்கள்:
"எவ்வளவு நறுவிசா வச்சிருக்கே சகாயமேரி!"
நறுவிசும் இல்லை ஒன்றும் இல்லை.
பயத்தைப் பத்து வருஷம் அடுக்கினால்
அப்படித்தான் தெரியும்.

இப்போது மான்குர்டு. ஏழாவது மாடி.
லிஃப்ட் ஓடுகிற நாளில் ஓடும்.
தண்ணீர் குழாயில் மட்டும்தான் வரும்,
காலையில் நாற்பது நிமிஷம்.
"ஏழு மாடி முழுகினா பம்பாயே இருக்காது"
என்று சிரித்தார் சவரி.
அலமாரி செய்யவந்த இஸ்ரார் பாய்
தரையை ஒட்டி மூன்று டிராயர் வைத்தார்,
நான் உட்கார்ந்தபடியே எடுக்கலாமாம்.

ஜெர்லின் போனில் பார்த்துப் பார்த்து
வீட்டை அடுக்கத் தொடங்கினாள்.
டி-ஷர்ட்டைச் சுருட்டி நிற்கவைத்தாள்,
சந்தையில் முருங்கைக்காய் நிற்கிற மாதிரி.
டப்பாவுக்கெல்லாம் லேபிள்:
பருப்பு, மாவு, மாத்திரை.
கீழ் டிராயரை இழுத்தாள். காலி.
அடுத்தது காலி. அதற்கடுத்ததும்.
"ஏம்மா, ஸ்டூல் போட்டு உச்சியிலே ஏறிக்கிட்டிருக்கே,
இங்கே மூணு சும்மா கிடக்கு?"

சும்மா கிடக்கவில்லை.
தண்ணீருக்கு விட்ட இடம் அது.
வாய்வரை வந்தது, சொல்லவில்லை.
அந்த ஜூலையில் அவள் என் தோளில் இருந்தாள்,
கோட்டுக்கு மேலே. அவளுக்கு எப்படித் தெரியும்?

நாலு பையையும் உரித்துக் காகிதங்களை எடுத்து
நீல ஃபைலில் போட்டாள்.
கடைசி டிராயரில் வைத்தாள்.
வெளியே 'முக்கியம்' என்று ஒட்டினாள்.
சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது.

ராத்திரி இரண்டு மணி.
மழையா, மொட்டைமாடி டேங்க் வழிகிறதா என்று
கேட்டுக்கொண்டே கிடந்தேன்.
எழுந்துபோய், விளக்குப் போடாமல்,
குனிந்து இழுத்துக் கையை விட்டேன்.
அடிவரை தடவினேன்.
காலி.

நெஞ்சு சூனாபட்டிவரை ஓடித் திரும்பியது.
பிறகு காலில் தட்டுப்பட்டது ஸ்டூல்.
சமையலறையில் வைத்திருந்தேனே அதை.
உச்சித்தட்டில் ஃபைலின் நீல முனை.
சவரி சுவர்ப்பக்கம் திரும்பி
மூச்சைச் சீராக விட்டுக்கொண்டிருந்தார்,
தூங்கும்போது
அத்தனை சீராக விடுகிற மனிதர் அல்ல.

ஸ்டூலை அதனிடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு
நானும் தூங்குவது போலப் படுத்தேன்.

காலையில் வெங்காயத்தைக் கொண்டுவந்து
அந்த டிராயரில் கொட்டினேன்.
காற்றில்லாமல் முளைத்துவிடும், தெரியும்.
ஜெர்லின் திறந்தாள்.
என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்,
அவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடிக்காத குறை.
ஒன்றும் கேட்காமல்
பக்கத்து டிராயரில் தன் செருப்பை வைத்தாள்.

லேபிளைப் பிய்க்கப் பார்த்தேன், வரவில்லை.
எங்கள் வீட்டில் இப்போது
வெங்காயம்தான் முக்கியம்.