ஏழாம் நாள்: சும்மா

பத்துக் கிலோ பொன்னி அரிசியை
முதுகுப் பையில் போட்டுக்கொண்டு
எங்கள் புளோக்கின் படிகளில் ஏறுகிறேன்.
பதினாறு மாடி. இறங்க மட்டும் மின்தூக்கி.
மறுபடி.

ஆறாம் மாடியில் துணி காயப்போடும் திருமதி சியூ
லிஃப்ட் கெட்டுப்போச்சா என்கிறார், மூன்றாவது முறையாக.
ஜான்ஸ்கர் போகிறேன் என்றால்
அது எந்த எம்ஆர்டி என்பார்.

இந்தத் தீவின் உச்சி நூற்று அறுபத்துச் சொச்சம் மீட்டர்.
கடக்கவேண்டிய கணவாய் ஐயாயிரம்.
தவமணி வகுத்துப் பார்த்தாள்:
புக்கிட் தீமாவை முப்பது முறை
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும்
கொஞ்சம் குறைகிறதாம்.

கூடாரம், கழுதை, நார்த்தங்காய் ஊறுகாய்,
எதிலும் சண்டையில்லை.
ஏழாம் நாளுக்கு எதிரே மட்டும்
"சும்மா" என்று எழுதியிருந்தாள்.
பதினோரு நாள் விடுப்பில்
ஒரு நாளா சும்மா?
அடித்துவிட்டேன்.

நேற்று இரவுப் பணி.
பதினொன்றாம் கட்டிலில்
எண்பத்திரண்டு என்று அலறியது கருவி.
ஓடினேன். முகமூடி, பிராணவாயு, டாக்டர்.
அவர் மூச்சு சீரானதும்
இன்னொரு கவ்வியை என் விரலில் மாட்டினேன்.
தொண்ணூற்றெட்டு.

அங்கே, கூடாரத்துக்குள்,
இதே விரல் எண்பத்திரண்டு காட்டும்.
ஒரு மணியும் அடிக்காது.
சரியாத்தான் இருக்கு, தண்ணி குடி என்பாள் தவமணி.

விடிந்ததும் அவளுக்குச் செய்தி அனுப்பினேன்:
ஏழாம் நாள் இருக்கட்டும்.
முடிந்தால் எட்டும்.

இன்று படி ஏறவில்லை.
பையைத் திறந்து
ஒரு டம்ளர் அரிசி எடுத்து உலையிலிட்டேன்.