ஆட்டுத்தலை அளவு

காரங்காட்டில் நாலரை சென்ட்.
மேற்கே ரோடு, வடக்கே நம்பிக்கையின் வீடு,
தெற்கே யாரோ வக்கீல் வாங்கிப்போட்டு மறந்த மனை.
கிழக்கே தாழம்புதர். அதில் ஆடும் நுழையாது, ஆளும் நுழையாது.
அதற்கப்பால் கடல்.

"நாலு பக்கமும் ஹாலோ பிளாக் வச்சிரு" என்றார்
பஹ்ரைனிலிருந்து, திரையில் பாதி உறைந்த வாயோடு.
முகம் அசையும்வரை காத்திருந்து சொன்னேன்:
இந்த மணலில் சுவர் நிற்க அஸ்திவாரம் வேண்டும்,
அஸ்திவாரம் போட இன்னும் ஒரு வருஷம்
நீங்கள் அங்கே நிற்கவேண்டும்.
அதன்பிறகு மரத்தைப் பற்றி மட்டும் பேசினோம்.

சவுக்கு மலிவு.
பார்வைக்கு நிமிர்ந்து நிற்கும். இரண்டு ஐப்பசி தாங்காது.
மண்ணுக்குள் போன முழங்காலைக் கரையான் தின்றுவிட்டு
மேலே எதுவும் நடக்காததுபோல் விட்டுவைக்கும்.
சீமைக்கருவேலம் சும்மாவே கிடைக்கும்,
ஆனால் ஒரு கம்பு இன்னொரு கம்பின் பேச்சைக் கேட்காது.
தேக்கு என்ன விலை என்றேன் விளையாட்டாய்.
தொண்டி சாமில் கமால் பாட்சா
முதலில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

கடைசியில் பனை.
அதிலும் பெண்பனை, கறுப்பு நரம்பு ஓடிய ரீப்பர்,
தட்டினால் இரும்பின் சத்தம்.
"ஆம்பளப் பனை வெறும் சோத்தி, அக்கா" என்றான் ஆசாரி சந்தியாகு.
இதை மட்டும் பஹ்ரைனுக்குச் சொல்லவில்லை.

இரும்பாணி ஆகாது.
இங்கே காற்றே உப்புத்தண்ணீர்,
வருஷம் திரும்புவதற்குள் ஆணி அழுது
பலகையில் காவிக்கோடு இழுத்துவிடும்.
படகுக்கு அடிக்கும் செம்பாணியின் விலையைக் கேட்டு
நைலான் கயிற்றுக்கு இறங்கி வந்தோம்.
தூண்களுக்கு மூன்றடி குழி,
கால்களுக்குத் தாரும் எஞ்சின் கழிவெண்ணெயும்.

சந்து எவ்வளவு விடுவது என்பதில்தான்
வேலை நின்றது.
நெருக்கி அடித்தால் ஆடியில் கச்சான் வந்து முட்டும்,
வேலி பாயாகி விரியும்,
பின்னாலேயே வீடும் கடலுக்குப் போகும்.
காற்றுக்கு இடம்விட்டால் ஆடு வரும்.

நம்பிக்கையின் ஆடு.
இரண்டு முருங்கைக்கன்று, ஒரு பாவாடை நாடா,
மின்சார அட்டையின் மூலை.
இந்த வேலி யாருக்கு என்று
தெருவில் யாரும் கேட்கவில்லை.

அவளே வந்தாள், ஆட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு.
"அளந்துக்க."
இரண்டு ரீப்பரை நிறுத்தி நடுவில் தலையைக் கொடுத்து
காதுகளை அவளே மடக்கிப் பிடித்தாள்.
சந்தியாகு பென்சிலால் குறித்தான்:
மூன்றரை விரற்கடை.
"சினையா இருக்கு போல. குட்டித்தலை சின்னதாத்தான வரும்?"
கொஞ்சம் யோசித்தாள்.
"அப்ப மூணு போடு" என்றாள், தன் ஆட்டுக்கு விரோதமாக.

பிறகு நூல் பிடித்தான்.
வடக்கிலும் தெற்கிலும்
நூல் ஒரு வெளுத்த கோட்டை வெட்டியது.
நல்லதண்ணீர் ஊற்று வக்கீல் மனையில் இருக்கிறது;
ஆறு வருஷமாய் நம்பிக்கையின் குடம்
என் இடத்தின் குறுக்கேதான் போய்வருகிறது.
எருக்குகூட முளைக்காத தடம்.
காகிதத்தில் நான் வரைந்தபோது அது இல்லை.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
ஆட்டின் நெற்றியில் பட்ட பென்சில் கறையை
எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சந்தியாகு, கதவு ரெண்டு கூட வேணும்."
"கீல் நாலு, கொண்டி ரெண்டு" என்று கணக்கு எழுதினான்.
தெற்குக் கதவுக்கு, உடைத்த வள்ளத்தின் பலகை ஒன்று
வீட்டில் கிடக்கிறது என்றான்,
பதிவெண்ணில் மூன்று இலக்கம் மிச்சமிருக்கும், பரவாயில்லையா?
பரவாயில்லை.

"கொண்டி உள்ளயா, வெளியயா?"
அவளுக்கு உள் எது, எனக்கு வெளி எது என்று
நின்று குழம்பினேன்.
"உள்ளயே வையி. சந்துல கைய விட்டுத் தெறந்துக்குவா."

மூன்று விரற்கடையில் கை நுழையுமா?
ஆட்டை என்னிடம் தந்துவிட்டு
வளையல்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி மணலில் வைத்தாள்.
கட்டைவிரலை மடக்கி, உள்ளங்கையைக் குறுக்கி,
மணிக்கட்டு, அதற்குமேல் கொஞ்சம்.
நுழைந்தது.
இல்லாத கொண்டியை இந்தப் பக்கம் தேடி விரல்கள் அசைந்தன.

நைட்டிமேல் போட்டிருந்த துண்டின் ஒரு முனை
அதற்குள் ஆட்டின் வாயில் இருந்தது.