அடிக்கனம்

வெங்காயச் சாக்கைப் பிரித்து
முப்பத்திரண்டு கிளாஸ் எடுத்து வைத்தார் கவுஸ்.
காவேரிப்பட்டணத்தில் பழைய இரும்புக் கடை அவருக்கு.
கண்ணாடி என்றால் எனக்குப் போன் வரும்.

ஒன்றின் அடியில் 47 என்று இருந்தது.
"சுதந்திரம் வந்த வருசம், பாத்துக்கோ" என்றார்.
பக்கத்திலேயே இன்னொன்றில் 12.
அது எந்த வருசம் என்று நான் கேட்கவில்லை.
விலை பேசும்போது சிரிக்கக் கூடாது.

அது அச்சின் எண்.
ஒரே எந்திரத்தில் வரிசையாய் உட்கார்ந்த அச்சுகளில்
நாற்பத்தேழாவது.
கோணலாய் ஒரு கிளாஸ் வந்து விழுந்தால்
எந்த அச்சைக் கழற்றுவது என்று தெரியவேண்டுமே.

பக்கவாட்டில் நகத்தை ஓட்டினேன்.
அச்சு மூடிய இடம் இடறியது,
விளிம்புக்கு அரை விரல் முன்னால் கரைந்துபோனது:
யாரோ வாயை மட்டும் திரும்பத் தீயில் காட்டியிருக்கிறார்கள்.
இன்னொன்றில் அரிசி அளவு கொப்புளம்,
உலை சரியாகக் காயாத ஒரு நாள்.
பச்சை ஓடியது மணலில் இரும்பு.
ஒன்றே ஒன்று, வெயிலில் தூக்கிப் பிடித்தபோது
கத்தரிப்பூ நிறம் காட்டியது. அதைத் தனியே வைத்தேன்,
பிடிக்காததுபோல.

அடிக்கீறலையும் பார்ப்பேன்.
உப்புத்தாளால் தேய்த்திருந்தால் எல்லாம் ஒரே பக்கம் போகும்.
வைத்து எடுத்து வைத்து எடுத்து வந்த கீறலுக்குத்
திசை கிடையாது.

மிச்சத்தில் பதினொன்று ஒரே ரகம்.
ஆறு பட்டை. எண் இல்லை, பேர் இல்லை.
அடி மட்டும் ஒன்றரை விரல் கனம்.
ஓசூர் ஓட்டல்காரர் கேட்டது இந்த மாதிரிதான்:
கையில் எடுத்தால் ஏதோ இருக்கிறது என்று தெரியவேண்டுமாம்.
எங்கிருந்து வந்தது என்றுதான் பிடிபடவில்லை.
"பிரான்சு சரக்கு, பாண்டிச்சேரி வழியா" என்றார் கவுஸ்,
கிளாசுக்குப் பத்து ரூபாய் ஏற்றி.

மாங்கூழ் ஆலை அட்டைப்பெட்டிகளை
எடை போடக் காத்திருந்த முனிரத்னம்மா
திரும்பிப் பார்த்தாள்.
"பிரான்சுமில்ல ஒண்ணுமில்ல.
ஆத்துப் பாலத்துகிட்ட சாராயக்கடை இருந்துச்சே,
அங்க உள்ளது. நாந்தான் கழுவுனேன்."

என் தண்ணீர் பாட்டிலைக் கேட்காமலே எடுத்தாள்.
சாதா டீ கிளாஸ் ஒன்றை விளிம்புவரை நிரப்பினாள்,
அதை அப்படியே பட்டை கிளாசில் சாய்த்தாள்.
இரண்டும் ஒரே உயரம்தான்.
நிறைந்தது. பிறகு வழிந்தது,
கவுஸின் ரசீதுப் புத்தகம்வரை ஓடியது.

"பாத்தா நூறு. புடிக்கறது எழுவத்தஞ்சு."

எந்த வருசம் என்று கேட்டேன்.
"பெரியவனுக்குப் பால் மறக்கடிச்ச வருசம்."
அவனுக்கு இப்போது என்ன வயது என்று கேட்டுக்
கழித்துப் பார்த்தேன். எண்பத்து மூன்று.
நகமும் வெயிலும் இவ்வளவு கிட்டே
என்னை ஒருநாளும் கொண்டுபோய் விட்டதில்லை.

"எங்க வூட்டுக்காரு அங்கதான் குடிப்பாரு.
நாலு கிளாசுக்குக் காசு குடுப்பாரு,
மூணுதான் உள்ள போவும்.
மிச்சம் ஒண்ணு எங்க போச்சுன்னு
அவருக்குத் தெரியாது. கழுவற எனக்குத் தெரியும்."

சொல்லவில்லையா என்றேன்.

"எதுக்கு? சொன்னா அஞ்சா குடிப்பாரு."

ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள்.
நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்:
ஆற்றுப்பாலம், 83, எழுபத்தைந்து மில்லி, பதினொன்று.
கவுஸ் ஏற்றிய பத்து ரூபாயைத் தானாகவே இறக்கினார்.

அப்புறம் அவளுடைய அட்டைக்கட்டைத் தராசில் ஏற்றி
"பன்னெண்டு கிலோ" என்றார்.

அவள் முள்ளைப் பார்க்கவில்லை.
"கட்டை எறக்கு" என்றாள்.
"அந்தத் தட்டைத் திருப்பி
அடியக் காட்டு."