எழுபத்திரண்டு அங்குலம்

அளவு மட்டும்தான் வந்தது.
நீளம் எழுபத்திரண்டு, அகலம் பதினான்கு.
மேசையை நான் பார்த்ததில்லை.
காட்பாடியில் மிஸஸ் ஞானசிகாமணி என்று ஒருவர்,
ஆறு பேர் உட்காரும் மேசையாம்.
"பூ வேணும்மா. ஆனா கத்தக் கூடாது"
என்றார் போனில்.
எந்தப் பூ கத்தும் என்று
பஸ் ஆம்பூர் வந்து சேரும்வரை யோசித்தேன்.

பதினோரு வருஷம் ஷூ கம்பெனியில்
மேல்தோல் தைத்தவள் நான்.
தோலுக்கு மறதி கிடையாது.
ஊசி ஒருமுறை இறங்கினால் ஓட்டை ஓட்டைதான்.
தையல் விலகினால் ஜோடியே கழிவு.
சூப்பர்வைசர் சாக்பீஸால் வட்டம் போடுவார்,
அந்த வட்டம் சம்பளக் கவருக்குள்ளும் வரும்.

துணி வேறு சாதி.
பிரித்த இடத்தை நகத்தால் நீவி
கொஞ்சம் நீராவி காட்டினால்
இழைகள் நகர்ந்து நகர்ந்து
ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்துகொள்கின்றன.
முதல்தடவை பார்த்தபோது
யாரோ என்னை ஏமாற்றுவதாகத்தான் பட்டது.

எம்பிராய்டரி மிஷின் தில்ஷாத்துடையது.
மணிக்கு அறுபது ரூபாய், டீ இலவசம்.
பென்டிரைவில் நாற்பது பூக்கள்,
எல்லாம் குளிர் தேசத்துப் பூக்கள்,
பேருக்குப் பதில் நம்பர்.
பதினேழாம் நம்பருக்கு ஐந்து இதழ்.
திரை ஊதா நூல் கேட்டது.
நான் மஞ்சளைக் கோத்தேன்.
பைபாஸ் ஓரம் லாரிப் புழுதியில் நிற்குமே ஆவாரை,
அது வந்து உட்கார்ந்தது வெள்ளைக் காடாவில்.

மூன்று பூ முடிந்து, நாலாவதில்
கடைசி இதழுக்கு முன் கரண்ட் போயிற்று.
ஓடாத மிஷினுக்கும் வாடகை உண்டா என்று
நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.
இருட்டில் அட்டையால் விசிறியபடி
அவள் கொழுந்தன் வாங்கிய கடனைப் பேசித் தீர்த்தோம்.
கரண்ட் வந்ததும் மிஷின்
விட்ட இடத்தைத் தேடிப் பிடித்தது,
ஒரு நூல் அகலம் தள்ளி.
இதழுக்கும் நடுவுக்கும் இடையே வெள்ளை தெரிந்தது.

பிரிக்கலாம்தான்.
ஆனால் நிமிஷத்துக்கு அறுநூறு குத்து வாங்கிய இடம்,
நூலை இழுத்தால் துணியும் சேர்ந்து வரும்.
துணியின் பொறுமைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.
கறுப்பு நூலில் மூன்று முடிச்சு, ஆறு கால்.
எறும்பு.

வீட்டுக்கு வந்து பஞ்சு விரித்தேன்.
அடித்துணி குடியாத்தம் லுங்கி,
புதுசு, பச்சையும் சாம்பலுமாய்க் கட்டம்.
யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள்.
மூன்றையும் ஊக்கு குத்திச் சேர்த்து
லுங்கிப் பக்கம் மேலாக வைத்து ஓட்டினேன்.
கட்டமே கோடு.
சாக்பீஸ் தேவைப்படவில்லை.

ஓரம் மடித்து, மூலை திருப்பி முடிக்க
ராத்திரி ஒரு மணி.
நீட்டிப் பார்க்க எங்களுக்கு மேசை ஏது.
ஃபிரிட்ஜிலிருந்து பீரோவரை ஐந்தரை அடி.
குணாளன் ஷிப்ட் முடிந்து
மல்லாக்கப் படுத்திருந்தான்.
அவன்மேல் விரித்தேன்.
எட்டு அங்குலம் குறைந்தான்.
பூப் போட்ட துணி, நீளமாக,
அசையாத ஆள்மேல்.
சட்டென்று உருவினேன்.
"என்னடி?"
"அளவு."
திரும்பிப் படுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோனேன்.
ஆறு நாற்காலி இருந்தது உண்மை.
ஐந்தின்மேல் மடிக்காத துணியும் பழைய பேப்பரும்.
மிஸஸ் ஞானசிகாமணி கண்ணாடியை ஏற்றிவிட்டு
ஏழு பூவையும் பார்த்தார்.
எறும்பைப் பார்த்தாரா, தெரியாது.
மேசையில் விரித்து, தள்ளி நின்றார்.
பிறகு இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பிப் போட்டார்.
லுங்கி மேலே.
"இதுதாம்மா. இது கத்தல."

பணத்தை எண்ணிக் கொடுத்தார், ஐம்பது கூடவே.
என் பூவெல்லாம்
மர வாசனை பார்த்தபடி குப்புறக் கிடந்தன.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சாப்பாட்டு மேசைதானே.
ஒருநாள் சாம்பார் சிந்தும்,
கறை போகாது, திருப்பிப் போடுவார்.
அன்றைக்கு எறும்பு
சரியான இடத்துக்குத்தான் வந்து சேரும்.