ஓதம்

கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள்
அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்தேன்.
பின்பலகையெல்லாம் பூஞ்சணம்,
உன் கலியாணக் கோட்டின் தோளிலும்.

கடல்மண் கலந்து கட்டிய
மேசன் வடிவேற்கரசன் அன்றைக்குச் சொன்னார்,
"ரெண்டு மாரி போனா உப்புக் கழண்டிடும் தங்கச்சி."
இது ஒன்பதாவது மாரி.
இடுப்புக்குக் கிட்ட வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது சுவர்.
தொட்டு நாக்கில் வைத்தேன்:
கல்லடிக் கடல்தான்.

கட்டாரிலிருந்து கேட்கிறாய்,
"எங்க, போனைக் கிட்டப் பிடி."
பிடித்தேன்.
உன் பக்கம் எல்லாம் காய்ந்த வெளிச்சம்.

பீலியில் சிக்கிய வேப்பஞ்சருகை அள்ளினேன்.
காணி உறுதியை அரிசி வாளிக்குள் புதைத்தேன்.
சுரண்டித் துடைத்த இடம் காயட்டுமென்று
இருக்கிற ஒரே ஃபேனைச் சுவருக்குத் திருப்பினேன்;
பிள்ளை நுளம்புக்குக் கை வீசியபடி தூங்குகிறாள்.

பத்து மணிக்குக் கரண்ட் போனது.
சுவரில் காதை வைத்தேன்.
உள்ளே எதுவோ மெல்ல ஏறுகிற சத்தம்.
இல்லை, மழைதான்.

ஆனாலும் டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
ஓதத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு இழுத்து
தேதி போட்டேன்.
மகள் முதன்முதல் எழுந்து நின்ற நாள்
நீ கீறிவிட்டுப் போன கோட்டுக்கு
நாலு விரல் கீழே.