சிலிப்பர்

செந்தூல் நிலையத்தில்
முன்னால் நிற்பவர் சட்டையைப் பின்னால் நிற்பவர் பிடிக்க,
ஏறும் முன்பே நாங்கள் ரயிலாகிவிட்டோம்.
எஞ்சின் நான்.
கடைசிப் பெட்டி ரிஷ்வின்,
அடிக்கடி கழன்றுகொள்வான்.

"மஞ்சக் கோட்டைத் தாண்டுனா?"
"டீச்சர் அழுவேன்."
பதினான்கு பேரில் ஒருவரும் தாண்டவில்லை.

தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடப்பதைக் காட்டி
அதுதான் சிலிப்பர் என்றேன்.
"யாரோடது?" என்றாள் தர்ஷிகா.
"ரெண்டுதான வேணும், ஏன் இத்தன?"
பதில் தேடுவதற்குள்
தூரத்தில் ஓர் ஒளிப்பொட்டு.

கூவும் என்று சொல்லி வைத்திருந்தேன்.
வகுப்பில் ஒரு வாரம் கூவிப் பழகியும் இருந்தோம்.
கொமுட்டர் கூவவில்லை.
தாமதமாய் வகுப்புக்குள் நுழையும் பிள்ளைபோல
ஓசைப்படாமல் வந்து நின்றது.
கதவு மூடுகையில் மட்டும் பீப் பீப்.
"கோழிக்குஞ்சு!" என்றான் ரிஷ்வின்.
வேறு வழியின்றி நாங்களே கூவினோம்,
எதிர் இருக்கை மக்சிக்கும் சேர்ந்துகொண்டார்.

புத்ரா.
பேங்க் நெகாரா.
கொடியில் காயும் பள்ளிச் சீருடை,
கடைகளின் பின்கதவு,
சிமெண்டுக் கரைக்குள் அடங்கி ஓடும் ஆறு.
ரயிலில் வருகிறவர்களுக்குத்தான்
இந்த நகரம் முதுகைக் காட்டுகிறது.

பழைய கோலாலம்பூர் நிலையத்தில்
பிஸ்கட், தண்ணீர், பதினான்கு முறை கழிவறை.
திரும்பும்போது பாதி ரயில் தூங்கியது.

மறுநாள் வரையச் சொன்னேன்.
முறைக்கும் கண்ணுள்ள ரயில்,
பதினேழு சக்கர ரயில்,
மக்சிக்கின் தலைதான் சன்னலைவிடப் பெரிது ஒரு ரயிலில்.
ஜஷ்மித்தாவின் தாளில் மட்டும் ரயிலே இல்லை.
தாள் முழுக்கக் கறுப்பு.
நடுவே இரண்டு கோடு,
குறுக்கே சிலிப்பர்கள்
ஒன்றையும் விடாமல் விளிம்புவரை.
மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி.

"ரயில் எங்கம்மா?"
"தூங்குது டீச்சர். இது ராத்திரி."
மஞ்சள் புள்ளியில் விரலை வைத்தாள்.
"அப்பா டார்ச்சு அடிச்சி நட்டு பாக்குறாரு."
"எல்லா நட்டையுமா?"
"எல்லாத்தையும்.
அப்புறந்தான் ரயிலு எந்திரிக்கும்."

செந்தூலில் நான் ஏறுவது தினமும் ஆறரைக்கு.
ஐந்து வருடமாக ஏறுகிறேன்.
ஒரு நட்டைக்கூடப் பார்த்ததில்லை.

ரிஷ்வின் எட்டிப் பார்த்துக் கேட்டான்:
"ஒங்கப்பா சிலிப்பர் போட்டிருப்பாரா?"

"பூட்ஸு" என்றாள்,
இன்னும் கொஞ்சம் இருட்டைப் பூசியபடி.