சட்டப்படி

மூன்று சென்ட்.
மேல்புறத்திலிருந்து உள்ளே, ஓடைக்கரையோடு
ஓராள் நடக்கும் வழி.
செங்கல் லாரி மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும்.
அங்கிருந்து தலைச்சுமடு, கல்லுக்கு இவ்வளவு என்று.
கணக்குப் போட்டுப் பார்த்தோம்.
கல்லின் விலையைவிட
கல் நடந்து வரும் விலை கூடுதல்.

அதனால் மரம்.

நாலடி அகலம், எட்டடி உயரம்.
டென்னிசனின் லோடு ஆட்டோ முதுகில் ஏறும் அளவு,
நானும் அவனும் ஆளுக்கொரு முனை பிடித்து
இரண்டே இடத்தில் இளைப்பாறி
ஓடைக்கரையைக் கடக்கிற அளவு.
பிளான் யார் போட்டது என்று கேட்கிறார்கள்.
ஒரு வண்டியும் நாலு தோளும்.

பேங்கில் அந்த சார்
படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"சுவரு எங்க?"
இதுதான் சார் சுவர்.
"இது வெறும் சட்டம்லாம்மா.
சட்டப்படி இது வீடு கெடயாது."
வெளியே வந்து படியில் உட்கார்ந்து
டென்னிசன் சிரித்தான்,
கொஞ்சம் அதிகமாகவே.

பிறகு சிட்டி பிடித்த காசில்
மாதத்துக்கு இரண்டு சட்டம்.
பால் வற்றி முறித்த ரப்பர் மரம்,
மருந்தில் முக்கிச் சூளையில் காய்ந்தது, உள்ளுக்கு.
மழை படும் பக்கத்துக்கு அயனி.

வாடகை வீட்டு முன்னறையில்
ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நின்றன.
பன்னிரண்டானபோது கட்டிலை விற்றோம்.
இருபதில் சன்னல் மறைந்தது.
"கடை கிடை போடப் போறியளா?" என்றார் வீட்டுக்காரர்.
இருபத்திரண்டில் முதுகு சாய்த்து
ஷைஜி பரீட்சைக்குப் படித்தாள்.
அவள் அறைச் சுவர் அதுதான் என்று
அவளே பென்சிலால் எழுதியும் வைத்தாள்.
ராத்திரி விளக்கணைத்தால்
அறுத்த மரத்தின் புளித்த வாசம்.
யாரோ ஒருவருடைய வீட்டுக்குள்
எங்கள் வீடு ஒருக்களித்துத் தூங்கியது.

முப்பதும் முடிந்து, சித்திரையில் ஏற்றினோம்.
பதினாறு வரை ஓட்டைக்கு நேர் ஓட்டை,
போல்ட் வழுக்கிக்கொண்டு போனது.
பதினேழு மாட்டேன் என்றது.

அவன் பாலக்காட்டு லோடுக்குப் போயிருந்த மாதங்களில்
நானே அளந்து நானே அறுத்த ஐந்து.
என் தையல் டேப்பால்.
ஜாக்கெட் அளந்து அளந்து இழுபட்டு
எட்டடிக்கு அரை இஞ்சு பொய் சொல்லும் டேப்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்பேனரைத் துடைத்துப் பையில் வைத்தான்,
மறுபடி எடுத்துத் துடைத்தான்.
திட்டியிருக்கலாம்.

பதினேழும் பதினெட்டும் ஒட்டிப் பார்த்தேன்.
பொருந்தின.
பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று.
ஒரே பொய்யைச் சொன்னவை
தங்களுக்குள் சண்டையிடவில்லை.
ஐந்தையும் அடுக்களைப் பக்கம் நிறுத்தினோம்,
மூலைக்கு மட்டும் புது ஓட்டை.
அரை இஞ்சு தூக்கலான அடுக்களை எனக்கு.
அந்தப் பக்கம் மழைத்தண்ணி நிற்காது என்று
அவனே பின்னால் ஒத்துக்கொண்டான்.

கரையானுக்கு என்ன செய்தாய் என்பார்கள்.
பதினோரு வருஷம் அண்டியாபீசில் தோடு உடைத்தேன்.
அந்த எண்ணெய் பட்டு உரிந்து, கறுத்து,
ரேஷன் கடை மெஷின் என் விரலை
இன்றைக்கும் நான் என்று நம்புவதில்லை.
அதே எண்ணெயில் ஒரு கேன் வாங்கி வந்தேன்.
காலுக்கு நிறுத்திய அயனிக் குற்றிகள் பதினைந்துக்கும்
இரண்டு கோட்டிங், அடிப்புறம் மூன்று.
கையுறை போட்டுக்கொண்டுதான் அடித்தேன்.
ஆபீசில் ஒருநாளும் தந்ததில்லை.
அறுபது ரூபாய்.

இடவப்பாதி மழையில்
முன்கதவு வீங்கிவிட்டது.
அடைக்க ஒருத்தர் உள்ளிருந்து இழுக்க வேண்டும்,
ஒருத்தர் வெளியிலிருந்து உதைக்க வேண்டும்.
உதைத்தவர் பின்வாசல் வழியாக
நனைந்துகொண்டு வர வேண்டும்.

காற்றுக்கு மூட்டெல்லாம் முனகுகிறது.
டென்னிசன் எழுந்து, டார்ச்சைப் பல்லில் கவ்வி,
ஒவ்வொரு போல்ட்டாக
அரைத் திருகு, கால் திருகு.
இருட்டுக்குள்ளிருந்து ஷைஜி:
"அப்பா, இருபத்திரண்டு இல்ல.
பதினேழுதான் சத்தம் போடுது."

நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.